ஏழு சட்டி நெல்

பத்து வருஷத்துக்கு மேல் நெல் நாற்றைக் கொல்வதுதான் என் வேலையாக இருந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது எங்கே வேலை என்று கேட்டால், நெல் ஆராய்ச்சி நிலையத்தில் என்பேன். கேட்டவர் ஏதோ பெரிய வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு என் இலைக்கு இன்னொரு வடை போடச் சொல்வார். நானும் அந்த வடையைத் தின்பேன். உண்மையில் நான் செய்தது இவ்வளவுதான்: காலையில் உப்பை நிறுத்து வாளித் தண்ணீரில் கரைப்பேன். அதைப் பிளாஸ்டிக் தொட்டிகளில் ஊற்றுவேன். தொட்டிக்குள் சட்டி சட்டியாக நிற்கும் நாற்றுகள் எந்த நாளில் நுனி கருகின, எந்த நாளில் சுருண்டன, எந்த நாளில் செத்தன என்று நோட்டில் எழுதுவேன். சாயங்காலம் செத்ததைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு பஸ் ஏறுவேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். வீட்டில் மீன் குழம்பைப் பிசைந்தால் எரியும்.

நிலையம் மலேசியாவில், கெடா மாநிலத்துக் குருணுக்கு வடக்கே இருந்தது. நான் கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். எங்கள் லயத்து வீடுகளில் அதுவே பெரிய படிப்பு. மழை பெய்தால் இன்றைக்கு மரம் வெட்டு இல்லை, வீட்டுக்குப் போ என்று திருப்பி அனுப்பாத வேலை கிடைத்ததே என்று என் அம்மா சாகும்வரை சந்தோஷப்பட்டாள். அவளுக்கு நான் என்ன செய்கிறேன் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை. நெல்லை வேண்டுமென்றே சாகடிக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் என்னை வேலையை விடச் சொல்லியிருப்பாள்.

என் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். மெர்போக் ஆறு கடலில் சேரும் பக்கத்தில் இருந்த ஒரு தென்னந்தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டாள். எழுபதுகளின் நடுவில் அந்தத் தோட்டத்தைத் துண்டாடி விற்றார்கள். லயத்து ஆட்களில் பாதிப் பேர் சுங்கை பட்டாணிக்கும் பினாங்குக்கும் போனார்கள். மச்சான் மட்டும் சேமநிதியில் இருந்ததையும் தோட்டம் கொடுத்ததையும் சேர்த்து, ஆற்றோரம் மூன்று ரெலோங் பள்ள நிலம் வாங்கினார். ரெலோங் என்பது கெடாவில் நிலம் அளக்கிற கணக்கு. மூன்று ரெலோங் ஒன்றும் பெரிய நிலமில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக யார் பேரிலும் ஒரு சாண் மண் இருந்ததில்லை. அக்கா நிலப் பத்திரத்தை மாரியம்மன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள். எனக்கு மட்டும் நாலு தடவை காட்டினாள்.

முதல் இரண்டு வருஷம் நெல் நன்றாகவே விளைந்தது. மூன்றாம் வருஷம் ஆற்றுப் பக்கத்து வரப்பிலிருந்து பயிர் சாக ஆரம்பித்தது. காரணம் சின்னது. தோட்டம் இருந்த காலத்தில் ஆற்றங்கரை மண்ணணையைப் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டம் ஆட்கள் இருந்தார்கள். வாரா வாரம் நடந்து, நண்டு பறித்த ஓட்டைகளை அடைப்பார்கள். கடல் ஏறுகிற பாசாங் நாட்களில் மரக் கதவை இறக்கி உப்புத் தண்ணீரை நிறுத்துவார்கள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றவர்கள் அந்த வேலையை யாருக்கும் விற்கவில்லை. பக்கத்து நிலக்காரன் பார்ப்பான் என்று ஒவ்வொருவரும் இருந்தார்கள். மரக் கதவை யாரோ விறகுக்குக் கொண்டுபோனார்கள். நண்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

இதில் மச்சான் செய்த தப்பு ஒன்று உண்டு. அவர் இருபது வருஷம் தென்னையோடு கிடந்தவர். தென்னங்குழியில் உப்பைக் கொட்டி மரத்தைத் தேற்றிப் பழகியவர். வயலில் உப்பு பூத்தபோது நாற்று குட்டையாக, கருகருவென்று பச்சையாக நின்றது. அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். பயிர் கொழுத்திருக்கிறது என்று ஒரு பருவம் முழுக்க யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார்.

"தென்னைக்கு மூட்டை மூட்டையா போட்டிருக்கேன் மாப்ளே. கொலை கொலையா காய்ச்சிச்சு. இந்த நெல்லுக்கு மட்டும் என்னா வந்திச்சு?" என்றார் என்னிடம்.

"தென்னை வேற, நெல்லு வேற மச்சான்."

"எல்லாம் மண்ணுல நிக்கிறதுதானலா," என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதற்கு நேரான பதில் அன்றைக்கு எனக்கும் தெரியாது. உப்பில் நாற்று சாகிற நாளை எழுதத் தெரியுமே தவிர, ஏன் சாகிறது என்று நான் யாரையும் கேட்டதில்லை.

கேட்கும்படி ஆனது மேடம் வந்த பிறகு. மேடம் சுங்கை பட்டாணிக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். வெளிநாட்டில் படித்துவிட்டு எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் நிலையத்துக்கு அதிகாரியாக வந்தார். என்னைவிட ஐந்து வயது சின்னவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்து, அதே சாம்பலோடு தொட்டிக்குள் குனிந்து நாற்று எண்ணுவார். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எது சாகவில்லை என்று மட்டும் பார்த்தார்கள். மேடம் சாகிற நாற்று உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்தார்.

ஒருநாள் அக்கா வயலைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் நிற்கிற வயலில் பயிர் எப்படிக் காய்கிறது என்று கேட்டேன்.

"தண்ணி இருக்கு அண்ணே. குடிக்க முடியல. உப்பு அதைப் பிடிச்சு வச்சிருக்கு," என்றார். ஒரு நாற்றை உருவி, வேரைக் காட்டினார். "வேருக்குத்தான் முதல்ல தெரியும். உடனே மேல சொல்லி அனுப்பும், வாயை மூடுன்னு. இலை முழுக்கப் பொடிப் பொடியா வாய் இருக்கு. எல்லாத்தையும் மூடிக்கும். தண்ணி வெளிய போகாது."

"அப்போ பிழைச்சிக்கும்."

"பிழைக்கும். ஆனா அதே வாய் வழியாத்தான் காத்தும் உள்ள வரணும். மூடிட்டா சாப்பாடு எப்படிச் செய்யும்? உயிரோட இருக்கும். வளராது."

அப்படி நின்ற நாற்றுகளை நான் அறிவேன். இரண்டு மாதத்துப் பயிர் பத்து நாள் உயரத்தில் நிற்கும். நோட்டில் அதற்கு எதிரே 'உயிர்' என்று எழுதுவேன். அதுவரை அந்தச் சொல்லை எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வேர் சொல்லி அனுப்புகிற அந்தச் சேதி ஒரு ஹார்மோன். அது மேடத்திடம் கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பியில் இருந்தது. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று வெள்ளித்தாள் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார். வேறு யாரும் தொடக் கூடாது. அதில் துளியூண்டு எடுத்துத் தண்ணீரில் கலந்து, நாற்றின் வேரை ஒரு பகல் முழுக்க ஊற வைப்போம். மறுநாள் உப்பில் இறக்குவோம். முன்கூட்டியே சேதி கிடைத்த நாற்று மற்றதைவிட அதிக நாள் தாங்கியது. ஆனால் எல்லா நாற்றும் இல்லை. ஒரே தொட்டி, ஒரே உப்பு, ஒரே மருந்து. ஒன்று நிற்கும், பக்கத்தில் இருப்பது படுத்துவிடும்.

"சேதி எல்லாத்துக்கும் போகுது அண்ணே. கேக்கறதும் கேக்காததும் விதைக்குள்ள எழுதியிருக்கு. ஜீன்," என்றார் மேடம்.

"அந்த ஜீன் எதுன்னு கண்டுபிடிச்சிட்டா முடிஞ்சிச்சுல்ல?"

மேடம் சிரித்தார். "ஒண்ணு ரெண்டுன்னு நினைச்சீங்களா? உள்ள ஒரு ஊரே இருக்கு. சேதி வந்தா யார் எந்திரிப்பா, யார் தூங்குவா, எனக்கும் தெரியாது."

இன்னொரு சோதனையும் செய்வோம். இலையை அரைத்து, மருந்து ஊற்றிக் காய்ச்சினால், குழாயில் சிவப்பாக நிறம் ஏறும். உப்பில் கிடக்கிற பயிர் தனக்குள் சேர்த்துக்கொள்ளும் ஒரு பொருளின் நிறம் அது. எந்த நாற்று அதிகம் சிவக்கிறதோ அதுதான் தைரியசாலி என்று நானாக முடிவு செய்து, நல்ல சிவப்புக் குழாய்களைத் தனியாக எடுத்து வைத்தேன். மேடம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பழையபடி கலந்து வைத்தார். "அது தைரியமா வலியான்னு இன்னும் யாருக்கும் தெரியாது அண்ணே," என்றார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் வருத்தம்தான். இவ்வளவு படித்தும் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறாரே என்று பட்டது.

நான்கு பருவம் இப்படியே போனது. கடலோரத்துப் பழைய நெட்டை நெல்லையும் நல்ல விளைச்சல் நெல்லையும் கலந்து வந்த விதைகளை உப்பில் இறக்கிக்கொண்டே இருந்தோம். கடைசியில் ஏழு சட்டிகள் மிஞ்சின. மருந்தில் ஊறி, உப்பில் நின்று, நுனி மட்டும் கருகி, சாகாமல் நின்ற ஏழு. அவற்றை நல்ல தண்ணீருக்கு மாற்றினோம். கதிர் வந்தது. அந்த நெல்லை நானே கையால் உருவினேன். இரண்டு காகித உறையில் ஒவ்வொரு பிடி. உறையின்மேல் எண் எழுதி மேடம் அலமாரியில் வைத்தார். அதை அடுத்த பருவம் மறுபடி உப்பில் வைத்து, இந்த முறை கதிர் வரும்வரை பார்க்க வேண்டும் என்றார்.

அந்த உறைகளில் ஒன்றை நான் திருடினேன். வேறு நல்ல வார்த்தை போட விருப்பமில்லை. அக்கா வயலில் பாதிக்கு மேல் அப்போது போயிருந்தது. போன தீபாவளிக்கு அவள் புதுச் சேலை எடுக்காமல், இருப்பதில் ஒன்றைத் துவைத்துக் கட்டியிருந்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை. நாலு பருவம் நான் கொன்று கொன்று சேர்த்த நெல், அதை எடுக்க நான் ஏன் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்றும் இருந்தது. மேடத்திடம் கேட்டிருந்தால் பாதியைக் கொடுத்திருப்பார் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு என் குணம் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா உறையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் கொட்டி, ஒரு மணியைக் கடித்தாள்.

"உப்புலயே நின்னுச்சா இது?"

"நின்னுச்சு. ஒரு மூலையில விதைச்சு, ஒத்த ஒத்த நாத்தா நடு. அதுல வர்ற விதையை வச்சுக்க."

"சாமிக்கு முதல்ல எடுத்துட்டு விதைக்கட்டுமா தம்பி? திருவிழா வருதுல்ல."

மழை வரும் போலிருந்தது. நான் மோட்டாரை உதைத்துக்கொண்டே, "எடுத்துக்கக்கா. ஆபீஸ்ல நிறைய இருக்கு," என்றேன். இவ்வளவுதான் என்று சொன்னால் அவள் வாங்க மாட்டாள், எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்பாள். இதற்கும் மேல் ஒரு காரணம் உண்டு. அக்காவுக்கு அள்ளிக் கொடுக்கிற இடத்தில் நான் இருப்பதாக அவள் நினைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

தோட்டம் போய்விட்டாலும் மாரியம்மன் கோயில் அங்கேயே இருந்தது. திருவிழாவுக்கு வெளியூர் போனவர்களெல்லாம் திரும்பி வருவார்கள். நேர்ந்துகொண்ட பெண்கள் ஒன்பது நாள் முன்பே மண்சட்டியில் எருவைப் போட்டு விதை தூவி, இருட்டறையில் வைத்து, விரதமிருந்து தண்ணீர் தெளிப்பார்கள். வெளி ஆள் அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒன்பதாம் நாள் அந்த முளைப்பாரிச் சட்டிகளைத் தலையில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோய் ஆற்றில் கரைப்பார்கள். சட்டியில் முளை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நன்றாக அந்த வீடு இருக்கும் என்பது நம்பிக்கை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஊர்வலம் புறப்பட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்கள் சட்டியில் பயறும் மொச்சையும் சோளமும் கலந்து வளர்ந்திருந்தன. அக்கா சட்டியில் நெல் மட்டும். இருட்டில் வளர்ந்ததால் வெளிறிய மஞ்சளாக, ஒரே உயரத்தில், சட்டி தெரியாமல் நின்றது. அக்கா என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரித்தாள்.

"தம்பி குடுத்த நெல்லு. பாரு, எல்லார் சட்டியையும்விட மேல வந்திருக்கு."

"எல்லாத்தையுமா போட்டே?"

"அம்மனுக்கு அரைகுறையா போடுவாங்களா? அதான் ஆபீஸ்ல நிறைய இருக்குன்னு சொன்னியே."

அவை உயிருள்ள நாற்றுகள். அந்த இடத்திலேயே சட்டியை வாங்கி வெயிலில் வைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து நட்டிருக்கலாம். என்னைப்போல் அது தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் வேறு யாருமில்லை. கோயிலிலிருந்து ஆறு வரை கால் மைல் நடந்தோம். அந்தக் கால் மைலும் நான் அக்காவுக்குப் பக்கத்திலேயே நடந்தேன். அம்மன் சட்டியில் கை வைக்க முடியாது என்பது ஒரு சாக்கு. உண்மையைச் சொன்னால் திருடியதையும் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆற்றில் பாசாங் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சட்டியைக் கவிழ்த்தாள். முளைகள் எருவோடு கொஞ்ச தூரம் மிதந்து போயின. பெண்கள் குலவையிட்டார்கள். நான் கரையில் நின்று எல்லோரையும்போலக் கும்பிட்டேன்.

இன்னொரு உறை இருக்கிறது என்றுதான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒரு உறையைக் காணோம் என்று மேடம் தேடியபோது எலிமேல் பழி போட்டேன். மிச்ச உறையைத் தொட்டியில் விதைத்தோம். நாற்றாக நன்றாகத் தாங்கியது. நான் உப்பைக் கரைத்துக் கரைத்து ஊற்றினேன், அசையவில்லை. மேடம்கூட அந்த வாரங்களில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தார். பூக்கிற சமயம் வந்தது. கதிர் வெளியே வரும்போதே வெள்ளையாக வந்தது. மேடம் ஒரு கதிரை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். அடுத்ததை நசுக்கினார். கடைசிச் சட்டி வரை நசுக்கினார். எல்லாம் பதர்.

"நாத்துல தாங்குச்சு. பூக்கிறப்ப தாங்கல. அது வேற ஜீன் போல அண்ணே," என்றார். கை கழுவப் போனவர் வெகுநேரம் குழாயடியில் நின்றார்.

அதாவது, அக்கா அந்த நெல்லை ஆற்றில் விட்டிருக்காவிட்டாலும் அவளுக்கு ஒரு மணி அரிசி கிடைத்திருக்காது. இது தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குள் அவள் விதை கேட்க ஆரம்பித்திருந்தாள். அடுத்த பருவம் என்றேன். சில மாதத்தில் மேடத்தை எண்ணெய்ப் பனை ஆராய்ச்சிக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். உப்புத் தொட்டிகளைக் கழுவி அடுக்கிவைத்தேன். எனக்கு உரம் நிறுக்கிற வேலை கொடுத்தார்கள். அக்காவிடம் அதையும் சொல்லவில்லை. "இப்பதான் பெருக்கிக்கிட்டு இருக்காங்க," என்றேன்.

அந்த வருஷங்களில்தான் இறால் குளம் வெட்டுகிற தவுக்கே ஒருவர், சீன முதலாளி, அந்தப் பக்கம் வந்தார். ஆற்றோர நிலத்தையெல்லாம் கேட்டார். பக்கத்து நிலக்காரர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போனார்கள். மச்சானும் விற்றுவிடலாம் என்றார். அக்கா முடியாது என்றாள்.

"தம்பி விதை கொண்டாறேன்னு சொல்லியிருக்கு. கவர்மெண்ட் ஆபீஸ்லா, கொஞ்சம் முன்னப் பின்னதான் ஆகும்," என்று எனக்கு முன்னாலேயே சொன்னாள். மச்சான் என் முகத்தைப் பார்த்தார். நான் தேத்தண்ணீரை ஊதிக் குடித்தேன்.

அவள் நிலத்துக்கு இரண்டு பக்கமும் குளம் வெட்டினார்கள். ஆற்றிலிருந்து உப்புத் தண்ணீரை இயந்திரம் வைத்து இறைத்து நிரப்பினார்கள். அதுவரை பாசாங் நாளில் மட்டும் வந்த உப்பு, அதற்குப் பிறகு எல்லா நாளும் வந்தது. மிச்சமிருந்த பயிரும் போனது, பிறகு புல்லும் போனது. வெயில் காலத்தில் நிலம் வெள்ளையாகக் கிடந்தது. மச்சான் அதே தவுக்கேயிடம் ஜாகா வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளை பூத்துக் கிடந்த தன் வரப்பைப் பார்த்தபடி உட்கார்ந்து, அடுத்தவன் இறாலைக் காவல் காத்தார். அக்கா சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலைக்கு பஸ் ஏறினாள். இரண்டு பெண் பிள்ளைகளும் படிவம் மூன்றோடு நின்று அவளோடேயே பஸ் ஏறினார்கள்.

எண்பதுகளின் கடைசியில் தவுக்கே மறுபடி வந்தார். குளத்துக் கழிவுத் தண்ணீரை விட ஒரு வழி வேண்டும், இந்த நிலத்தைக் கொடுத்துவிடு என்றார். வேறு எதற்கும் ஆகாத நிலத்தை யாராவது கேட்டதே அதிசயம். அந்தப் பணத்தில் சிடாம் கிரி பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டலாம் என்று மச்சான் விசாரித்து வைத்திருந்தார். இந்த முறை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நான் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

நான் வாயைத் திறக்கும் முன் அக்கா உள்ளே போய் ஒரு பவுடர் டின்னை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து துணிப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே கொஞ்சம் நெல் இருந்தது. இருபதோ இருபத்தைந்தோ மணிகள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் தம்பி," என்றாள். "அன்னைக்கு எல்லாத்தையும் சாமிக்குப் போட்டேன்னு சொன்னேன்ல. போடல. ஒரு சிட்டிகை எடுத்து ஒளிச்சி வச்சிட்டேன். நீ கொண்டு வர்ற விதையோட கலந்துக்கலாம்னு. சாமிக்குன்னு நேர்ந்ததுல கை வச்சிட்டேன். அதான் நிலம் இப்படி ஆயிருச்சு. உங்க மச்சான்கிட்டகூட சொல்லல."

அவள் அழவில்லை. இத்தனை வருஷமும் அந்த நிலம் செத்ததற்குத் தான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு கையுறை பொறுக்கியிருக்கிறாள். "இதை ஆபீஸ்ல போட்டுப் பாரு. முளைச்சா அம்மனுக்குக் கோவம் இல்லைன்னு நினைச்சுக்கிறேன். முளைக்கலன்னா அவர் சொல்ற மாதிரி கையெழுத்துப் போட்டுடலாம்."

நான் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். பொட்டலத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நிலையத்தில் கண்ணாடித் தட்டில் ஈரத்தாள் விரித்து, மணிகளை வரிசையாக அடுக்கினேன். எங்கள் ஊர்ச் சூட்டில் டின்னில் கிடந்த நெல் இத்தனை வருஷம் உயிரோடு இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் போய்ப் பார்த்தேன். நல்ல தண்ணீரைத்தான் தெளித்தேன், உப்புப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் பூஞ்சை பிடித்தது. பத்தாம் நாள் ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் கூழாகியிருந்தது. தட்டைக் கழுவி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். மறுநாள் காலை தவுக்கேயின் ஆள் பத்திரத்தோடு வருவதாக ஏற்பாடு. மச்சான் உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.  அக்கா என் முகத்தைப் பார்த்தாள். சாமி குற்றம் செய்துவிட்டோம் என்று பயந்து கிடக்கிற முகத்திடம் வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"முளைச்சிருக்குக்கா," என்றேன்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளே போய் அம்மன் படத்துக்குச் சூடம் ஏற்றினாள். "நாளைக்குக் கையெழுத்து வேணாம். தம்பி கையில விதை முளைச்சிருக்கு," என்று மச்சானிடம் சொல்வது எனக்கு வாசல்வரை கேட்டது. மச்சான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"நெசமாவா மாப்ளே?"

"ஆமா மச்சான்," என்றேன்.

தவுக்கே வேறு பக்கமாகக் கால்வாய் வெட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த நிலத்தைக் கேட்டு யாரும் வரவில்லை. பத்திரம் படத்துக்குப் பின்னால்தான் இருந்தது. நான் எப்போது போனாலும் அக்கா காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்காருவாள். "இப்ப என்னா உயரம் வந்திருக்கு தம்பி?" என்பாள். நான் தரைக்குமேல் கையை வைத்துக் காட்டுவேன், போன தடவை காட்டியதைவிடக் கொஞ்சம் மேலே.